சிறுநீர்க் கசிவுக்கு மலச்சிக்கல் காரணமாகுமா?

[திரையில்: இடுப்புப் பகுதியின் பக்கவாட்டுக் குறுக்குவெட்டுப் படம்]

சிறுநீரை அடக்க முடியவில்லை என்று வருபவரிடம், மலம் ஒழுங்காகக் கழிகிறதா என்று மருத்துவர் கேட்பதில் காரணம் இருக்கிறது. முன்புறம் சிறுநீர்ப்பை, பின்புறம் மலக்குடல், பெண்களுக்கு இவற்றின் நடுவே கருப்பை. இவை அனைத்தையும் கீழிருந்து தாங்கி நிற்பவை இடுப்புத்தளத் தசைகள்.

[அசைபடம்: மலக்குடல் மெல்ல விரிகிறது]

தேங்கி இறுகிய மலம் மலக்குடலை விரிக்கும்போது, சிறுநீர்ப்பைக்கு இடம் குறைகிறது. பெரியவர்களுக்குச் சுமார் 400 முதல் 500 மில்லிலிட்டர் கொள்ளக்கூடிய அந்தப் பை, நிறைவதற்கு வெகு முன்பே அவசர உணர்வை எழுப்பிவிடுகிறது. வேறு சிலருக்கோ சிறுநீர் முழுமையாக வெளியேறாமல் தங்கி, கிருமித்தொற்றுக்கு வழிவிடுகிறது. படுக்கையை நனைக்கும் குழந்தைகளுக்கும் முதலில் மலச்சிக்கலைக் கவனிப்பதே நல்லது. திட்டுவதால் ஒரு பயனும் இல்லை.

ஆண்டுக்கணக்கில் முக்கி மலம் கழிப்பவர்களுக்கு, இடுப்புத்தளத் தசைகளும் அவற்றுக்குச் செல்லும் நரம்புகளும் இழுபட்டுத் தளர்வதால், இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசியலாம். கசிவுக்கு அஞ்சித் தண்ணீரைக் குறைத்தால், மலம் மேலும் இறுகுவதோடு, அடர்ந்த சிறுநீர் பையை உறுத்தி அவசரத்தைக் கூட்டவும் செய்யும். அவசர உணர்வைத் தணிக்கத் தரப்படும் சில மாத்திரைகளே மலச்சிக்கலை உண்டாக்கக்கூடும் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை; அவற்றைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

[திரையில்: கழிப்பறை இருக்கையில் அமரும் முறை]

உணவு உண்டபின் பெருங்குடல் இயல்பாகவே இயக்கம் பெறுவதால், அதையொட்டிய அரை மணி நேரம் மலம் கழிக்க ஏற்றது. பாதங்களைத் தாழ்வான பலகையில் வைத்து, முழங்கால்கள் இடுப்பைவிட உயர்ந்திருக்கும்படி சற்று முன்சாய்ந்து, முழங்கைகளைத் தொடைமேல் ஊன்றிக்கொள்ளுங்கள். மலக்குடலை வளைத்துப் பிடித்திருக்கும் தசை அப்போது தளர்வதால், பாதை நேராகிறது. மூச்சை அடக்காமல், வயிற்றை இறுக்காமல் விட்டாலே போதும்.

இடுப்புத்தளப் பயிற்சி என்றாலே இறுக்குவதுதான் என்று எண்ணிவிடக் கூடாது. மலம் கழிக்கும்போது தளர வேண்டிய தசைகள் இறுகிக்கொள்வதே சிலருக்குச் சிக்கல் என்பதால், தளர்த்தவும் கற்க வேண்டும். இதற்குப் பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவர் வழிகாட்டுவார்.

மலத்தில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல் ஆகியவை இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். தொடையிடுக்கில் திடீர் மரத்துப்போதலோ சிறுநீர் அடைப்போ ஏற்பட்டால், அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.