நிச்சய மோதிரம்: முத்தா, சஃபையரா, மொய்சனைட்டா? சேலம் கடைவீதிக்குக் கிளம்பும் முன்

[காட்சி: வெள்ளைத் துணி மேல் நான்கு மோதிரங்கள். கேமரா ஒவ்வொன்றாக நெருங்குகிறது.]

வணக்கம். இந்த நான்கு மோதிரத்தில் ஒன்றில்கூட வைரம் கிடையாது. முதலாவதில் நன்னீர் முத்து. இரண்டாவதில் வைரம் போல மின்னும் ஆய்வகக் கல்லான மொய்சனைட். மூன்றாவதில் இளஞ்சிவப்பு சஃபையர். நான்காவதில் காங்கேயம், கரூர் பக்கம் கிடைக்கிற சந்திரகாந்தக் கல். நிச்சயதார்த்தத் தட்டில் வைத்தால் நான்குமே அழகாகத்தான் இருக்கும். வித்தியாசம் ஆறு மாதம் கழித்துத் தெரியும்.

அதனால் கடையில் போய் உட்காரும் முன் ஒரு கேள்விக்கு வீட்டிலேயே பதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த மோதிரம் தினமும் விரலில் இருக்கப் போகிறதா, விசேஷத்துக்கு மட்டும் வெளியே வரப் போகிறதா?

[காட்சி: மாவு பிசையும் கை, வண்டி ஓட்டும் கை, சானிடைசர் தேய்க்கும் கை.]

ஏன் இதை முதலில் கேட்கிறோம் என்றால், வீட்டில் படிகிற சாதாரணத் தூசியில் குவார்ட்ஸ் துகள் கலந்திருக்கும். அதன் கடினம், கற்களை 1 முதல் 10 வரை மதிப்பிடும் மோஸ் அளவில் 7. அதைவிட மென்மையான எந்தக் கல்லையும் அந்தத் தூசி கொஞ்சம் கொஞ்சமாகக் கீறும். முத்தின் கடினம் 2.5 முதல் 4.5 வரைதான். சந்திரகாந்தக் கல் 6 முதல் 6.5. செவ்வந்திக்கல், அதாவது அமெதிஸ்ட், சரியாக 7. டோபாஸ், ஸ்பினல் 8. மாணிக்கமும் சஃபையரும் 9. மொய்சனைட் 9.25. வைரம் 10.

தினமும் போடுகிற கைக்கு 8க்குக் குறையாத கல் எடுங்கள். பெண் செவிலியராக இருந்தாலோ, பேக்கரியில் வேலை பார்த்தாலோ, கையில் நாள் முழுக்கத் தண்ணீரும் சானிடைசரும் படும். அந்தக் கைக்கு முத்து வேண்டவே வேண்டாம். கழற்றி வைத்துப் போடுகிற பழக்கம் உள்ளவர் என்றால், பட்ஜெட்டுக்கு முத்தைப் போல நல்ல தேர்வு கிடையாது. அதனால் முத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

[காட்சி: கறுப்புத் துணி மேல் முத்துகள். மேலே டியூப் லைட்.]

"ஒரிஜினல் கடல் முத்துங்க" என்று கடையில் சொல்வார்கள். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961இல். இன்று கடைக்கு வருகிற முத்து ஏறக்குறைய எல்லாமே வளர்ப்பு முத்து. வளர்ப்பு முத்து போலி கிடையாது. சிப்பிக்குள் வளர்ந்த அசல் முத்துதான். போலி என்பது கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் மணி மேல் பூச்சு பூசியது.

வளர்ப்பு முத்தில் நமக்குத் தேவையானது இரண்டு வகை. ஒன்று சீனாவிலிருந்து வரும் நன்னீர் முத்து. இதில் பெரும்பாலும் உள்ளே மணி வைப்பதில்லை. உள்ளிருந்து வெளிவரை முத்துப் படலமேதான். இன்னொன்று ஜப்பான் அகோயா. உள்ளே சிப்பி ஓட்டு மணி, வெளியே மெல்லிய படலம். அகோயா கண்ணாடி மாதிரி மின்னும், விலையும் கூடும். படலம் மெலிந்த மட்டமான அகோயா என்றால் தேய்ந்து உள்மணி வெளியே தெரியத் தொடங்கும். மோதிரம் எங்காவது இடித்துக்கொண்டே இருக்கிற நகை. அதற்கு நன்னீர் முத்து பாதுகாப்பு. நல்ல பளபளப்புள்ள 7 மி.மீ. நன்னீர் முத்தைச் சில ஆயிரத்துக்குள் முடித்துவிடலாம்.

பளபளப்பைப் பார்ப்பது எப்படி? முத்தை டியூப் லைட்டுக்கு நேராகப் பிடியுங்கள். விளக்கின் ஓரம் கோடு போட்ட மாதிரி கூர்மையாகத் தெரிந்தால் நல்ல முத்து. மாவு பூசியது போல மங்கி விரிந்தால் அதைத் தள்ளி வையுங்கள், எவ்வளவு பெரிதாக இருந்தாலும். அளவுக்குப் பணம் கொடுக்காதீர்கள், பளபளப்புக்குக் கொடுங்கள். போலியா என்று பார்க்க, முன்பல்லின் ஓரத்தில் மெல்ல உரசுங்கள். அசல் முத்து நறநறக்கும், கண்ணாடி மணி வழுக்கும். அதைவிட நம்பகமான வழி, 10 மடங்கு லென்ஸில் துளையின் வாயைப் பார்ப்பது. பூச்சு உரிந்தோ சுருண்டோ நின்றால் போலி.

பட்ஜெட்டைக் காப்பாற்ற இரண்டு வழி இருக்கிறது. முதல் வழி, பட்டன் முத்து. மேலே உருண்டை, அடியில் தட்டை. மோதிரத்தில் தாழ்வாக உட்காரும், புடவை நூலில் மாட்டாது, முழு உருண்டையைவிட விலையும் குறைவு. இரண்டாவது வழி, ஒரே ஒரு பக்கம் புள்ளியோ பள்ளமோ உள்ள முத்து. அந்தப் பக்கத்தில்தான் துளை போடப் போகிறார்கள், அது கிண்ணத்துக்குள் மறைந்துவிடும். மாலைக்கு ஆகாத முத்து மோதிரத்துக்கு அருமையாக ஆகும்.

[காட்சி: பாதித் துளை போட்ட முத்து. பக்கத்தில் கிண்ணமும் நடுவில் குச்சியும் உள்ள மோதிரம்.]

இப்போது முக்கியமான இடம். முத்து மோதிரம் கெடுவது பெரும்பாலும் முத்தால் இல்லை, ஒட்டியதால். முத்தில் பாதித் துளை போட்டு, கிண்ணத்தின் நடுவில் நிற்கும் குச்சியில் பசை வைத்துச் செருகுவார்கள். குச்சி குட்டையாகவோ வழவழப்பாகவோ இருந்தால் ஒரு நாள் முத்து கழன்று போகும், எங்கே விழுந்தது என்றே தெரியாது. பட்டறையில் இப்படிச் சொல்லுங்கள்: குச்சி முத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்காவது உள்ளே போக வேண்டும்; 7 மி.மீ. உருண்டை முத்துக்கு 4.7 மி.மீ.க்குக் குறையக் கூடாது. குச்சியை முறுக்கியோ வெட்டுக் கோடு போட்டோ வையுங்கள். கிண்ணம் முத்தின் விட்டத்தில் பாதிக்குக் குறையாமல் இருக்கட்டும். பசை இரண்டு பாகம் கலக்கும் எப்பாக்ஸி. உடனே ஒட்டும் பசை வைத்தால் சில மாதத்தில் மொறுமொறுத்து விட்டுவிடும். ஒட்டிய பிறகு 24 மணி நேரம் அசைக்காமல் வைக்க வேண்டும். "ஒரு மணி நேரத்துல வாங்கிக்கங்க" என்றால் அவசரப்படாமல் மறுநாளே வாங்குங்கள்.

முத்து கால்சியம் கார்பனேட். புளி, எலுமிச்சை, மாங்காய்ப் பால், வியர்வை, சென்ட் எல்லாம் அதை மெல்லத் தின்னும். நம் ஊர்ச் சமையலறையில் இதெல்லாம் தினமும் கையில் படுகிறவை. மஞ்சள் பட்டால் துளைவழியே கறையும் ஏறும். அலங்காரம் முழுதும் முடிந்த பிறகு கடைசியாகப் போடுவது, வீட்டுக்கு வந்ததும் முதலில் கழற்றி ஈரத் துணியால் துடைப்பது. இதைப் பழக்கிக்கொண்டால் போதும்.

[காட்சி: செவ்வாய்ப்பேட்டை. வெள்ளிக் கொலுசுகள் தொங்கும் கடை.]

சேலத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. தங்கம் கட்டுப்படவில்லை என்றால் முத்தை வெள்ளியில் கட்டலாம். முத்துக்கும் வெள்ளிக்கும் பொருத்தம் என்பது வீட்டுப் பெரியவர்களும் ஒப்புக்கொள்கிற விஷயம். சந்திரனுக்குரிய முத்தை வெள்ளியில் போடச் சொல்கிற ஜோசியர்கள் நிறைய. செவ்வாய்ப்பேட்டையைச் சுற்றிக் கொலுசுப் பட்டறைகள் இருக்கிற ஊர் இது, வெள்ளி வேலைக்கு ஆள் தேட வேண்டியதில்லை. 925 வெள்ளி, அதாவது நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி, என்று பில்லில் எழுதி வாங்குங்கள். ஆனால் ஒரு தப்பை மட்டும் செய்யாதீர்கள். கொலுசைப் பாலிஷ் போடக் கொடுக்கும்போது அதோடு சேர்த்து முத்து மோதிரத்தையும் கொடுத்துவிடுவார்கள். அந்த அமிலத்திலும் சூட்டிலும் கம்பித் தூரிகையிலும் கொலுசு வெள்ளை வெளேர் என்று திரும்பி வரும். முத்து சுண்ணாம்புக் கட்டி மாதிரி வரும். போன பளபளப்பை மீட்க வழியே இல்லை.

[காட்சி: வண்ணக் கற்கள்.]

இனி தினமும் போடும் மோதிரத்துக்கான கற்கள். எங்கள் முதல் தேர்வு சஃபையர். நீல நிறத்தில் வந்தால் இதைத்தான் நீலக்கல் என்கிறோம். நீலம் என்றாலே வீட்டில் "பார்த்துத்தான் போடணும்" என்பார்கள். அந்தப் பேச்சு நிச்சயத்தன்று மேடையில் வரக் கூடாது, இரண்டு வீட்டிலும் முன்பே கேட்டுவிடுங்கள். தயக்கம் இருந்தால் இளஞ்சிவப்பு, ஊதா நிற சஃபையர் இருக்கிறது. கடினம் அதே 9. எடை முழு ஒரு கேரட் என்றதும் விலை ஒரு படி ஏறும். 0.9 கேரட் கல்லைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ராசிக்குப் போடும் கல்லுக்கு ஜோசியர் சொல்லும் எடை வேறு கணக்கு, அதை இதோடு கலக்காதீர்கள்.

சஃபையரைச் சூடுபடுத்தி நிறம் கூட்டுவது சகஜம், அதில் குறை இல்லை. மாணிக்கத்தில்தான் எச்சரிக்கை தேவை. மலிவாகப் பெரிய மாணிக்கம் காட்டினால் அது பெரும்பாலும் விரிசலுக்குள் ஈயக் கண்ணாடி நிரப்பிய கல். லென்ஸில் சாய்த்துப் பார்த்தால் உள்ளே குமிழியும் நீல மினுக்கும் தெரியும். பத்தர் நெருப்பு காட்டினாலே அந்தக் கண்ணாடி பாழாகும், எலுமிச்சைச் சாறுகூட அரிக்கும். மரகதம் வேறு மாதிரி. விரிசல் இயல்பிலேயே அதிகம், எண்ணெய் ஏற்றியிருப்பார்கள். தினமும் போட அது வேண்டாம்.

ஆய்வகத்தில் வளர்த்த சஃபையரும் உண்டு. செயற்கைக் கல் பட்டை தீட்டுவதற்குத் திருச்சி பேர் போன ஊர். கடினத்தில் இயற்கைக் கல்லுக்குச் சமம், விலை மிகக் குறைவு. செயற்கை என்று சொல்லி விற்றால் தாராளமாக வாங்கலாம்.

வைரம் மாதிரி மின்ன வேண்டும் என்றால் மொய்சனைட். வெப்பம் பார்க்கும் வைரச் சோதனைப் பேனா இதையும் வைரம் என்றே காட்டும். லென்ஸில் சாய்த்துப் பார்த்தால் பட்டைக் கோடுகள் இரட்டையாகத் தெரியும், அதுதான் அடையாளம். அமெரிக்கன் டைமண்ட் எனும் செயற்கைக் கல்லின் விலை இன்னும் குறைவு, ஆனால் தினமும் போட்டால் பட்டை விளிம்பு மழுங்கிவிடும். சந்திரகாந்தக் கல் பிடித்திருந்தால் கல்லைச் சுற்றி முழு விளிம்பு வைத்து அடைக்கச் சொல்லுங்கள். ஓரத்தில் ஒரு அடி பட்டால் பிளக்கும் கல் அது.

[காட்சி: பில் ஒன்று. எண்கள் ஒவ்வொன்றாகத் திரையில்.]

இப்போது காசு. கேரட் என்ற ஒரே சொல் இரண்டு பொருளில் வரும், குழம்பாதீர்கள். தங்கத்துக்கு அது தரம். கல்லுக்கு எடை, ஐந்து கேரட் ஒரு கிராம்.

கல் பதிக்கும் மோதிரத்துக்கு 22 கேரட்டைவிட 18 கேரட் நல்லது. 22இல் கல்லைப் பிடிக்கும் கவ்விகள் மென்மை, வளைந்து கல் ஆடும். பெரியவர்கள் முகம் சுளித்தால், இதில் நூற்றுக்கு 75 பங்கு தங்கம் என்று சொல்லிப் புரியவையுங்கள்.

எளிய கணக்குக்கு 22 கேரட் கிராம் ரூ.10,000 என்று வைத்துக்கொள்வோம். 18 கேரட் சுமார் ரூ.8,188. மூன்று கிராம் மோதிரம் ரூ.24,564. செய்கூலி சேதாரம் 12 சதவீதம் என்றால் ரூ.2,948. முத்து ரூ.3,000. மொத்தம் ரூ.30,512. 3 சதவீத ஜி.எஸ்.டி. ரூ.915. கையில் வர ரூ.31,427. அன்றைய விலையைப் போட்டு இதே வரிசையில் நீங்களே கணக்குப் போடுங்கள்.

ஏமாறுகிற இடம் எடை. 7 மி.மீ. உருண்டை முத்து ஏறக்குறைய அரை கிராம் இருக்கும். அதையும் தங்கத்தோடு சேர்த்து எடை போட்டால் முத்துக்குத் தனி விலையும் கொடுத்து, அதே முத்துக்குத் தங்க விலையாக இன்னொரு ரூ.4,000மும் கொடுப்பீர்கள். பில்லில் மொத்த எடை, கல் எடை, நிகர எடை மூன்றும் தனித்தனியாக வேண்டும். அடியில் மூடிய மோதிரம் என்றால் உள்ளே அரக்கு இருக்கிறதா என்று கேளுங்கள், அதுவும் எடைதான்.

ஹால்மார்க்கில் மூன்று இருக்க வேண்டும்: பி.ஐ.எஸ். என்ற இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரை, 18கே750 என்ற தரம், ஆறு எழுத்து எண் கலந்த எச்.யூ.ஐ.டி. என்ற அடையாள எண். 2023 ஏப்ரல் 1 முதல் இந்த எண் இல்லாமல் விற்கக் கூடாது. பி.ஐ.எஸ். கேர் செயலியில் எண்ணைத் தட்டினால் நகையின் விவரம் வரும், கடையிலேயே நின்று பாருங்கள். இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்கு விதிவிலக்கு உண்டு. பட்ஜெட்டுக்காக 1.8 கிராம் மோதிரம் எடுத்தால் முத்திரை இல்லாமலே கைக்கு வரலாம். இன்னும் கொஞ்சம் சேர்த்து இரண்டைத் தாண்டுவது நல்லது. வளையத்தின் அடிப்பகுதி ஒன்றரை மி.மீ.க்கு மெலிந்தால் எப்படியும் நசுங்கும்.

[காட்சி: ஏற்காடு மலைப்பாதை, கொண்டை ஊசி வளைவு.]

கடைசியாக அளவு. சித்திரை வெயிலில் கடைவீதியில் அலைந்துவிட்டு அளவு கொடுத்தால் விரல் வீங்கியிருக்கும். அந்த மோதிரம் ஏற்காட்டுக் குளிரில் தானாக நழுவும். நிச்சயம் மலைமேல் என்றால் இதை மறக்காதீர்கள். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை அளந்து இரண்டுக்கும் நடுவில் எடுங்கள். மோதிரம் விரல் முட்டியைத் தாண்டும்போது லேசாகத் தடங்கிக் கழல வேண்டும். முத்து மோதிரத்தை ஒட்டிய பிறகு சைஸ் மாற்றுவது பெரும் பாடு. நெருப்பு காட்டும் முன் முத்தைக் கழற்றி, வேலை முடிந்து மறுபடி ஒட்ட வேண்டும். அதனால் வெறும் வளையத்தை ஒரு முறை விரலில் போட்டுப் பார்த்த பிறகே முத்தை ஒட்டச் சொல்லுங்கள். ஆர்டரை நிச்சயத்துக்கு மூன்று வாரம் முன்னால் கொடுத்தால் இதற்கெல்லாம் நேரம் இருக்கும்.