எந்த ஹோஸுக்கு எந்த கிளாம்ப்

வணக்கம் நேயர்களே. டர்பன் சாட்ஸ்வொர்த்தில் 30 ஆண்டுக்கு மேலாக வண்டி பழுதுபார்த்து வருகிறேன். இன்று ஹோஸ் கிளாம்ப் பற்றிப் பேசப்போகிறேன். ரப்பர் ஹோஸைக் குழாயோடு சேர்த்துப் பிடிக்கிற அந்தச் சின்ன வளையம்தான். விலை சில ராண்டுதான். ஆனால் அது சரியாக அமையாமல் தண்ணீர் ஒழுகி, சூடேறி, எஞ்சின் ஹெட்டே வளைந்துபோன வண்டிகள் என்னிடம் வந்திருக்கின்றன.

ஹோஸ் ஒழுகினால் எல்லோரும் செய்வது ஒன்றுதான். ஸ்க்ரூடிரைவரை எடுத்து இன்னும் இரண்டு சுற்று முறுக்குவோம். நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன், ஒரு ஜூலை மாதம் வரை.

அந்த ஜூலையில் என் பக்கியில், அதாவது பின்னால் திறந்த சின்ன லாரியில், குடும்பத்தோடு ஜோகன்னஸ்பர்க் கிளம்பினோம். புறப்படுவதற்கு முன் ரேடியேட்டர் ஹோஸை நானே மாற்றியிருந்தேன். கம்பெனி போட்டிருந்த ஸ்பிரிங் கிளாம்பைக் கழற்றிவிட்டு, திருகு வைத்த கிளாம்ப் போட்டேன். அதுதான் உறுதி என்று நம்பினேன். டர்பனில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. வான் ரீனன் கணவாய் ஏறி, ஹாரிஸ்மித்தில் இரவு தங்கினோம். காலையில் புல்லெல்லாம் உறைபனி. வண்டிக்கடியில் பச்சையாகக் கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், தேங்கிக் கிடந்தது. எஞ்சினைப் போட்டுச் சூடேறியதும் ஒழுகல் தானாக நின்றுவிட்டது!

காரணம் இதுதான். எஞ்சின் சூடாகும்போது ரப்பர் உப்பும். திருகு கிளாம்பின் பட்டை விரிந்து கொடுக்காது. ரப்பர் நசுங்கி, நாளடைவில் அந்த நசுங்கலிலேயே படிந்துவிடும். குளிர் வந்து ரப்பர் சுருங்கும்போது பட்டை கூடவே சுருங்கிப் பிடிக்காது. மயிரிழை இடைவெளி விழும். அதில்தான் கசிவு. ஸ்பிரிங் கிளாம்ப் அப்படியில்லை. ஹோஸ் விரிந்தால் தானும் விரியும், சுருங்கினால் தானும் சுருங்கும். பல கார் கம்பெனிகள் ரேடியேட்டருக்கு அதைப் போடுவது இதற்காகத்தான். அதைக் கழற்றினால் தூக்கிப் போடாதீர்கள். இழுவிசை குறையாமல், துருப்பிடிக்காமல் இருந்தால் அதையே மாட்டுங்கள்.

திருகு கிளாம்ப் மோசம் என்று சொல்லவில்லை. 1921-இல் லம்லி ராபின்சன் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி காப்புரிமை பெற்ற அமைப்பு அது. நூறாண்டு தாண்டியும் நிற்கிறதென்றால் சும்மாவா? வீட்டுத் தண்ணீர் ஹோஸுக்கு அது நன்றாகவே போதும். அளவு மட்டும் பார்த்து வாங்க வேண்டும். பட்டையில் 20–32 என்று அடித்திருக்கும்; அது மில்லிமீட்டர். ஹோஸைக் குழாயில் செருகிய பிறகு அதன் வெளிவிட்டத்தை அளந்து பாருங்கள். 26-க்குப் பக்கத்தில் வந்தால் அந்த கிளாம்ப் அருமையாக உட்காரும். பெரியதை வாங்கிக் கடைசிவரை முறுக்கினால் வட்டம் கோணலாகும், நீட்டிக்கொண்டிருக்கும் வால் கையைக் கிழிக்கும்.

சுண்டுவிரல் பருமனுள்ள பெட்ரோல் ஹோஸுக்குத் திருகு கிளாம்ப் சரிவராது. அவ்வளவு சின்ன வட்டத்துக்கு அது வளையாமல் முட்டை வடிவில் பிடிக்கும். ஓட்டையில்லாத பட்டையும் நட்டு போல்ட்டும் உள்ள கிளாம்பைக் கேட்டு வாங்குங்கள். பெட்ரோல் விஷயத்தில் சிக்கனம் வேண்டவே வேண்டாம். சிலிக்கான் ஹோஸ் மென்மையானது. திருகு பற்றிக்கொள்ளப் பட்டையில் வெட்டிய பிளவுகள் அதைக் கடித்துவிடும், உட்புறம் வழவழப்பாக உள்ள கிளாம்ப்தான் அதற்கு ஏற்றது.

அப்புறம், நம் கடல் காற்று. ப்ளஃப் பக்கம் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பட்டை பளபளவென்று இருக்கும், திருகு மட்டும் துருவேறி இறுகிப் போயிருக்கும். கிளாம்ப் எந்த உலோகம் என்பதை டபிள்யூ எண் சொல்லும். டபிள்யூ1 என்றால் முழுக்கத் துத்தநாகம் பூசிய இரும்பு. டபிள்யூ2-வில் திருகு மட்டும் இரும்பு, மற்றதெல்லாம் ஸ்டெயின்லெஸ். டபிள்யூ4 என்றால் திருகும் சேர்த்து எல்லாமே ஸ்டெயின்லெஸ். கரையோரத்தில் இருப்பவர்கள் டபிள்யூ4 கேளுங்கள். படகு வைத்திருப்பவர்கள் இன்னும் ஒரு படி மேலே, டபிள்யூ5 வாங்குங்கள்.

கடைசியாக ஒன்று. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, அங்கே மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. அங்கிருக்கும் என் அக்கா, லாரித் தண்ணீரை டிரம்மில் பிடித்து, திண்ணையில் வைத்த பம்ப்பால் மேல் தொட்டிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். "தம்பி, பம்ப் ஓடுது, தண்ணி ஏறல" என்று போன் செய்தார். போய்ப் பார்த்தேன். எங்கேயும் ஒரு சொட்டு ஈரம் இல்லை. உறிஞ்சும் பக்கத்தில் கிளாம்ப் சரியாகப் பிடிக்காவிட்டால் தண்ணீர் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். பம்ப் காற்றைக் குடித்துக்கொண்டிருந்தது. அது உள்ளே சுருள் கம்பி வைத்த ஹோஸ். அகலப் பட்டை அதன் மேடுகளில் மட்டும் உட்கார்ந்து, பள்ளங்களை விட்டுவிட்டது. அந்தச் சுருளுக்கென்றே வரும் இரட்டைக் கம்பி கிளாம்பை வாங்கி, கம்பிகள் பள்ளத்தில் விழும்படி மாட்டினேன். பம்ப்பில் தண்ணீர் ஊற்றி சுவிட்சைப் போட்டதும், மேலே காலித் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் அக்காவுக்கு அடுப்படியிலேயே கேட்டது.