ரினியூ பட்டனை அழுத்தும் முன் குன்னூர் ஏலத்தைப் பாருங்கள்!

20 அமெரிக்க சென்ட். நம்ம ஊர்க் கணக்கில் ஏறத்தாழ ஒரு டீ விலை. கைவினைப் பொருள் விற்கிற எட்சி தளத்தில் அதைக் கட்டி ‘ரினியூ’, அதாவது ‘புதுப்பி’ என்ற பட்டனை அழுத்தினால், மாதக்கணக்கில் தூங்கிக்கொண்டிருக்கும் உங்கள் பொருள் தேடலில் சற்று மேலே வரும். இது வதந்தி இல்லை, எட்சியே ஒப்புக்கொண்ட விஷயம். அப்படியானால் ஏன் எல்லோருடைய பொருளும் விற்றுத் தீரவில்லை? அந்தப் பட்டன் எதைச் செய்கிறது, எதைச் செய்யாது என்பதுதான் இன்றைய வீடியோ. குன்னூரிலிருந்து பேசுகிறேன், பின்னால் கேட்கிற சத்தம் மழை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அடிப்படையை ஓட்டமாக முடித்துவிடலாம். எட்சியில் ஒரு லிஸ்டிங்கின், அதாவது விற்பனைக்கு நீங்கள் போட்ட பொருளின் பதிவின், ஆயுள் 4 மாதம். ஈபேயில் நிலையான விலையில் போட்ட லிஸ்டிங் நீங்களாக நிறுத்தும்வரை மாதாமாதம் தானே புதுப்பித்துக்கொள்ளும். ஓஎல்எக்ஸில் மேலே தூக்கிக் காட்டக் காசு கேட்பார்கள். அமேசான் வேறு ரகம். அங்கே ஒரே பொருளின் பக்கத்தைப் பல வியாபாரிகள் பகிர்ந்துகொள்கிறார்கள், அதனால் இன்று சொல்லப்போகிற வித்தை பெரும்பாலும் அங்கே வேகாது. சரி, அடிப்படை முடிந்தது.

புதுசாகப் போட்ட பொருளைத் தளங்கள் ஏன் மேலே காட்டுகின்றன? உங்கள் மேல் பாசம் எல்லாம் இல்லை. புதுப் பொருள் ஓடுமா ஓடாதா என்று தளத்தின் தேடல் நிரலுக்குத் தெரியாது. அதனால் கொஞ்சம் பேருக்குக் காட்டிப் பார்க்கும். யாராவது உள்ளே வந்தார்களா, பிடித்திருக்கிறது என்று இதயக் குறி போட்டார்களா, வாங்கினார்களா என்று கணக்கு எடுக்கும். எட்சி சொல்கிறபடி இந்தச் சலுகை சில மணி நேரத்திலிருந்து சில நாள் வரைதான். அதற்குள் யாரும் தொடவில்லை என்றால் பொருள் மறுபடி பின்பக்கம் போய்விடும். அதாவது, 20 சென்ட்டுக்கு நீங்கள் வாங்குவது ஒரு வாய்ப்பு மட்டும்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். எடிட் செய்கிற தம்பி இதைச் சுருக்கச் சொன்னான். முடியாது என்றுவிட்டேன்.

இதே விளையாட்டை நம்ம குன்னூரில் 1963-லிருந்து ஆடிக்கொண்டிருக்கிறார்கள். தேயிலை ஏலம்! வாராவாரம் நடக்கிறது. ஃபேக்டரியில் தயாரான தூள் கோடவுனுக்கு வரும். தரகர் அதிலிருந்து சாம்பிள் எடுத்து, வாங்குகிற கம்பெனிகளுக்கு அனுப்புவார். அங்கே ருசி பார்க்கிறவர் வரிசையாகக் கோப்பைகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்து, பக்கத்து அறைக்குக் கேட்கிற மாதிரி ‘ஸ்ஸ்ர்ர்ப்’ என்று உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போய்விடுவார். நம் வீட்டில் இப்படி டீ குடித்தால் பாட்டி கரண்டியாலேயே போடுவார். அங்கே இதற்குச் சம்பளம்.

அப்புறம் கேட்டலாக் வரும். லாட் (மொத்தமாக ஏலம் விடுகிற ஒரு தொகுதித் தூள்) எண், தோட்டம் அல்லது ஃபேக்டரி பெயர், ரகம், எடை. ஏல நாளில் விற்பவர் எதிர்பார்த்த விலை வரவில்லை என்றால் அந்த லாட் ‘அவுட்’. விற்கவில்லை. இப்போது அந்தத் தூளை என்ன செய்வது? பின்னால் வருகிற ஏதோ ஒரு வார ஏலப் பட்டியலில் மறுபடி ஏற்றுவார்கள். அதற்குப் பெயர் ‘ரீபிரிண்ட்’. கவனித்தீர்களா? எட்சி, ஈபே எல்லாம் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே மலைமேல் ரினியூ பட்டன் இருந்திருக்கிறது!

இதில் அழகு எங்கே என்றால், ரீபிரிண்ட் ஆவதால் தூள் புதுசாகிவிடாது. கோடவுனில் இருந்த நாளெல்லாம் அதற்கு வயது கூடியிருக்கும். வாங்குகிறவர் நாக்குக்கு அது தெரியும். ஆக, பட்டியலில் மறுபடி ஏற்றும்போது ஃபேக்டரிக்காரர் ஒரு முடிவெடுத்தே ஆகவேண்டும்: விலையைக் கொஞ்சம் இறக்குவதா, சந்தை ஏறும் என்று காத்திருப்பதா. எதையும் யோசிக்காமல் அதே விலையில் அதே தூளை வாரம் வாரம் ஏற்றினால், கோடவுன் வாடகைதான் மிச்சம்.

ஆனால் ஓர் இடத்தில் நம் நிலைமை இன்னும் மோசம். குன்னூர் ஏலத்தில் வாங்குகிறவர்களுக்குக் கேட்டலாக் முழுவதும் கையில் இருக்கும், வேண்டிய லாட்டின் சாம்பிளும் மேசைக்கு வந்துவிடும். ஆன்லைனில் தேடலின் பன்னிரண்டாம் பக்கத்தில் கிடக்கிற உங்கள் பொருளை யாரும் ருசி பார்க்கவில்லை. வேண்டாம் என்று ஒதுக்கவுமில்லை. அது இருப்பதே தெரியாது. அதனால்தான் மேலே வருகிற அந்தச் சில மணி நேரம் இவ்வளவு முக்கியமாகிறது. அந்த நேரத்தில் உங்கள் முதல் படமும் தலைப்பும் சொதப்பினால், காசு கட்டி நம் சொதப்பலை நாமே விளம்பரம் செய்த கதைதான்.

ஓர் உதாரணம் பார்க்கலாம். கோத்தகிரியிலிருந்து ஒரு அக்கா தன் லிஸ்டிங்கை அனுப்பி, “தம்பி, மூணு தடவ ரினியூ பண்ணிட்டேன், ஒண்ணும் நகரல” என்று கேட்டிருந்தார். பொருள் என்ன தெரியுமா? தோடர் எம்பிராய்டரி சால்வை. வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாகத் தையல். துணியில் கோடு எதுவும் வரையாமல், இழையை எண்ணி எண்ணியே தோடர் பெண்கள் தைக்கிறார்கள். 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய கைவேலை. உலகத்தில் வேறு எங்கும் கிடைக்காது. தலைப்பில் அவர் எழுதியிருந்தது: ‘பியூட்டிஃபுல் ஷால் ஃப்ரம் ஊட்டி’.

(திரையில் அந்தத் தலைப்பைக் காட்டி, மேலே சிவப்புக் கோடு)

‘பியூட்டிஃபுல்’ என்று யார் தேடப்போகிறார்கள்? எட்சித் தலைப்பில் 140 எழுத்துவரை இடம் உண்டு, ஈபேயில் 80. அந்த இடத்தில் ‘தோடா எம்பிராய்டரி’, ‘ஹேண்ட்மேட்’, ‘ஒயிட் காட்டன்’, ‘ரெட் பிளாக்’, ‘நீல்கிரிஸ்’ என்று வாங்குகிறவர் விரல் தட்டக்கூடிய சொற்கள் வரவேண்டும். எட்சியில் தனியாக 13 டேக், அதாவது தேடலுக்கான குறிச்சொல் போட இடம் தருகிறார்கள். அக்கா நான்கு போட்டிருந்தார். அதில் ஒன்று ‘நைஸ்’. அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள், ஆனால் சிரித்துவிட்டேன். மிச்சம் ஒன்பது காலி. ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன்: கையால் தைத்த அசலுக்கு மட்டும் இந்தப் பெயரைப் போடுங்கள். அச்சடித்த நகலுக்குப் போட்டால் அது ஏமாற்று, புவிசார் குறியீட்டுச் சட்டத்தோடும் வம்பு.

அடுத்தது படம். பாலித்தீன் கவரோடு மடித்து, டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்திருந்தார். கவரில் பளபளவென்று வெள்ளைக் கீற்று, சிவப்பு நூல் ஆரஞ்சாகத் தெரிகிறது. கவரைக் கழற்றுங்கள். விளக்கை அணையுங்கள். சால்வையை ஜன்னல் பக்கம் கொண்டுபோய், வெளிச்சம் ஒரு பக்கமாக விழுகிற மாதிரி விரியுங்கள். இந்தத் தையலில் நூல் சிறு சிறு வளையமாகத் துணிக்கு மேலே எழும்பி நிற்கும். பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் அந்த மேடு பள்ளம் கண்ணுக்குப் படும். மேகமூட்டம் இருக்கிற நாளில் நிறம் சரியாக வரும், கண் கூசாது, ஆனால் எல்லாம் தட்டையாகத் தெரியும். அந்த நாளில் ஓரத்தைக் கொஞ்சம் மடித்துப் பின்பக்கத்தைக் காட்டுங்கள். இரண்டு பக்கமும் பார்க்க நன்றாக இருக்கிற வேலை இது. அதை மறைத்து வைத்தால் எப்படி?

இதெல்லாம் செய்த பிறகு ரினியூ அழுத்துங்கள். அதுவும் எப்போது? வாங்குகிறவர் அமெரிக்காவில் என்றால், நம்ம காலை பத்து மணிக்கு அங்கே பாதி ஊர் படுக்கப் போயிருக்கும். குளிர்காலத்தில் நாம் நியூயார்க்கைவிட பத்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். இங்கே இரவு எட்டரை என்றால் அங்கே காலை பத்து. சாப்பிட்டுவிட்டு அழுத்துங்கள். சால்வைக்கு அவர்கள் ஊர்க் குளிர் தொடங்கும் மாதங்களே நல்ல சீசன். நம்ம மே மாதக் கூட்டத்தைப் பார்த்து ஏமாறவேண்டாம், அவர்கள் மலர்க் கண்காட்சிக்கு வந்தவர்கள்.

அடுத்த கேள்வி எல்லோரும் கேட்பது: பழைய லிஸ்டிங்கை அழித்துவிட்டுப் புதுசாகப் போடலாமா? யாரும் பார்க்கவில்லை, ஒரு இதயம்கூட இல்லை என்றால் தாராளமாக. ஈபேயில் இதற்காகவே ‘செல் சிமிலர்’ என்று இருக்கிறது, புது எண்ணோடு புதுப் பட்டியலாக ஏறும். ஆனால் பழையதை நிறுத்திவிட்டு ஏற்றுங்கள், ஒரே பொருளை இரண்டு பட்டியலில் வைத்தால் விதிமீறல். ஏற்கெனவே நாலு பேர் இதயம் போட்டிருக்கிறார்கள், ஒன்றிரண்டு விற்றும் இருக்கிறது என்றால் அழிக்காதீர்கள். அந்த வரலாறு உங்கள் சொத்து. அதே லிஸ்டிங்கில் படத்தையும் தலைப்பையும் மாற்றுங்கள். இதயம் போட்டவர்களுக்குத் தனியாகத் தள்ளுபடி அனுப்பும் வசதி எட்சியிலும் உண்டு, ஈபேயிலும் உண்டு. என் கருத்தில் ரினியூ பட்டனைவிட இது பத்து மடங்கு உருப்படியானது. ஏன் பலரும் அதைத் தொடுவதே இல்லை என்பது எனக்குப் புரியாத புதிர்.

பழைய கட்டிலும் ஃபிரிட்ஜும் விற்கிற ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் ஆட்களுக்கு ஒரு வரி: விலையில் சிறு மாற்றம், புதுப் படம், ஊர்ப் பெயரில் ‘ஊட்டி’ என்று மட்டும் இல்லாமல் வெலிங்டன், அருவங்காடு என்று சரியான இடம். அவ்வளவுதான்.

கடைசியாக, மலையில் இருக்கிற நமக்கு மட்டுமே உள்ள ஒரு விஷயம். லிஸ்டிங்கைப் புதுப்பிக்கும்போது எத்தனை நாளில் அனுப்புவீர்கள் என்ற இடத்தையும் பாருங்கள். மழை வலுத்து மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் பார்சல் வண்டி நின்றுவிடும். ‘ஒரே நாளில் அனுப்புவேன்’ என்று எழுதியிருந்தால் மாட்டிக்கொள்வீர்கள். தாமதம், மோசமான ரேட்டிங், அப்புறம் தேடலில் சரிவு. ஐப்பசி தொடங்கும் முன்னே அதை மூன்று முதல் ஐந்து நாள் என்று மாற்றிவிடுங்கள். மழை விட்டதும் பழையபடி குறைத்துக்கொள்ளலாம்.

உங்கள் லிஸ்டிங்கின் தலைப்பை மட்டும் கீழே எழுதுங்கள், விலை வேண்டாம். அடுத்த வீடியோவில் ஐந்து தலைப்பை எடுத்துத் திருத்தப்போகிறேன். ‘நைஸ்’ என்று டேக் போட்டவர்களுக்கு முன்னுரிமை. கோத்தகிரி அக்கா, புதுப் படம் எடுத்ததும் அனுப்புங்கள்.