16 சொல், 4 கூட்டம்: எதை முதலில் தொடுவது?

(திரையில் 16 கட்டங்கள்)

செவ்வாய் – இரும்பு – குடம் – புதன்
முருங்கை – வெள்ளி – சனி – அண்டா
திங்கள் – செம்பு – கப்பல் – ஈயம்
வாளி – விடுதலை – தங்கம் – வியாழன்

இந்த 16 சொற்களையும் மெதுவாக ஒரு முறை படியுங்கள். இவற்றை நான்கு நான்காகப் பிரிக்க வேண்டும். ஒரு சொல் ஒரு கூட்டத்தில்தான் இருக்கலாம். கிழமைகளைப் பார்த்ததும் கை பரபரத்திருக்கும். கொஞ்சம் பொறுங்கள், அங்கேதான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறோம்.

இந்தக் கட்டம் நான் தமிழில் கட்டியது. விளையாட்டு, நியூயார்க் டைம்ஸ் 2023 ஜூனில் தொடங்கிய கனெக்‌ஷன்ஸ். தினமும் நள்ளிரவில் புதுப் புதிர் வரும். தொகுப்பவர் வைனா லியு. சரியாகப் பிடித்த கூட்டம் நிறம் மாறும்: மஞ்சள் சுலபம், அப்புறம் பச்சை, நீலம், கடைசியாக ஊதா. நான்காவது தப்போடு ஆட்டம் முடிந்துவிடும்.

பிபிசியில் 2008இல் தொடங்கிய ஒன்லி கனெக்ட் நிகழ்ச்சியிலும் இதே மாதிரி 16 கட்டச் சுவர் உண்டு. ஆனால் அங்கே இரண்டரை நிமிடம்தான். முதல் இரண்டு கூட்டம் கிடைக்கும்வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் தவறலாம். அதனால் அங்கே படபடவென்று தட்டிப் பார்ப்பவர்தான் ஜெயிப்பார். கனெக்‌ஷன்ஸில் கடிகாரமே கிடையாது, தப்புக்கு மட்டும்தான் கணக்கு. அவசரப்பட்டு இங்கே எந்த லாபமும் இல்லை.

(திரையில் ஒரு தாள், பென்சில்)

என் அம்மா இதைத் தாளில் எழுதிக்கொண்டுதான் போடுவார். ஒவ்வொரு சொல்லுக்குப் பக்கத்திலும் அது எந்தெந்தக் கூட்டத்தில் சேரும் என்று பொடி எழுத்தில் குறிப்பார். இரண்டு குறிப்பு விழுந்த சொல்லைச் சுற்றி வட்டம். ஒரு குறிப்பும் விழாத சொல்லுக்கு அடியில் கோடு. ஃபோனைத் தொடுவது அதற்கப்புறம்தான். நான் பார்த்த வழிகளில் இதுதான் சிறந்தது. நம் கட்டத்திலும் அதையே செய்வோம்.

கிழமைகளை எண்ணுங்கள். செவ்வாய், புதன், வெள்ளி, சனி, திங்கள், வியாழன். ஆறு! வேண்டியது நான்கு, ஆகவே இதில் இரண்டு வேறு வீட்டுப் பிள்ளைகள். கிரகம் என்று யோசித்தால் திங்கள் தனியாக நிற்கும், அது நிலா. அப்போதும் கையில் ஐந்து மிஞ்சும். உலோகங்கள்: இரும்பு, வெள்ளி, செம்பு, ஈயம், தங்கம். இதிலும் ஐந்து. பாத்திரங்களில் குடம், அண்டா, வாளி என்று மூன்றுதான் உடனே தெரிகின்றன.

முருங்கை, கப்பல், விடுதலை மூன்றும் எதிலும் ஒட்டவில்லை. அடியில் கோடு போடுங்கள்.

இப்போது எங்கே தொடங்கலாம்? ஐந்தும் ஆறும் இருக்கிற இடத்தை விட்டுவிடுங்கள். ஆள் குறைவாக இருக்கும் இடத்துக்கு வாருங்கள். குடத்துக்கும் அண்டாவுக்கும் வாளிக்கும் வேறு போக்கிடம் இல்லை. நான்காவதாக யார் வர முடியும்? செம்பு. தண்ணீர் மொண்டு குடிக்கிற செம்பு! உலோகம் என்று நினைத்தபோது இது கண்ணில் படவே இல்லை, பார்த்தீர்களா? அழுத்துங்கள். முதல் கூட்டம் சரி.

செம்பு போனதும் உலோகத்தில் மிச்சம் சரியாக நான்கு. வெள்ளி அங்கே போய்விடும். இரண்டாவது கூட்டமும் சரி.

ஒருவேளை அவசரத்தில் இரும்பு, ஈயம், தங்கம், செம்பு என்று அழுத்தியிருந்தால், இன்னும் ஒன்றுதான் தப்பு என்று திரையில் வந்திருக்கும். அப்போது ஒவ்வொன்றாக மாற்றி மாற்றித் தட்டத் தோன்றும். அப்படித்தான் நான்கு வாய்ப்பும் கரைகிறது. விரலை எடுத்துவிட்டு, இந்த நான்கில் எதற்கு வேறு வேலை இருக்கிறது என்று தேடுங்கள். கட்டங்களைக் கலைத்துப் போடும் பொத்தானையும் அழுத்திப் பாருங்கள். பக்கத்தில் பக்கத்தில் இருப்பதாலேயே சில சொற்கள் உறவு மாதிரி தெரியும், இடம் மாறினால் அந்த மயக்கம் போய்விடும்.

சரி, இப்போது ஊதா. முருங்கை, கப்பல், விடுதலை. அர்த்தத்தில் எவ்வளவு தோண்டினாலும் ஒன்றும் கிடைக்காது. அப்படிக் கிடைக்காதபோது அர்த்தத்தை மறந்துவிட்டு எழுத்தைப் பாருங்கள். வாய்விட்டு, உடைத்துச் சொல்லுங்கள்.

(சொற்கள் இரண்டாகப் பிரிகின்றன)

முருங்–கை. கப்–பல். விடு–தலை.

கை, பல், தலை. உடம்பு! இன்னொரு உறுப்பு எங்கே ஒளிந்திருக்கிறது? கிழமைகளில் மிச்சம் ஐந்தையும் இதே போல உடைத்துப் பாருங்கள். செவ்–வாய். கனெக்‌ஷன்ஸின் ஊதாவும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: சொல்லுக்குள் ஒளிந்த சொல், ஒரே ஒலியுள்ள வேறு சொல், அல்லது பின்னால் ஒரே சொல்லைச் சேர்த்தால் நான்கும் பொருள் தருவது. எனக்கு இந்த விளையாட்டில் மிகவும் பிடித்த இடம் இதுதான். தினம் நூறு தடவை சொல்லும் செவ்வாய்க்குள் ஒரு வாய் இருப்பதை, இந்தக் கட்டத்தைக் கட்ட உட்காரும்வரை நான் கவனித்ததே இல்லை.

கடைசி நான்கு தானாகவே மிஞ்சும். திங்கள், புதன், வியாழன், சனி. முதல் பார்வையிலேயே தெரிந்த கிழமைகள். இப்போது தாராளமாக அழுத்தலாம்.