ஏ.எஸ். என்றால் நோயாளி அல்ல

(கிராமச் செவிலியர்கள், ஆசிரியர்கள், கல்லூரி மாணவர்களிடையே நீலகிரியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

இந்த மலையில் நின்றுகொண்டு மரபணுவைப் பற்றிப் பேச, மெண்டலின் பட்டாணிச் செடி வரை போக வேண்டியதில்லை. 1952-இல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் என்ற பரம்பரை இரத்தக் கோளாறு இருப்பதைப் பதிவு செய்தார்கள். அதே ஆண்டில் அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடமும் அது கண்டறியப்பட்டது. இந்தியாவில் இந்த நோயைப் பற்றிய முதல் மருத்துவப் பதிவுகள் இவைதான். எழுபது ஆண்டுகள் தாண்டியும் ‘அந்தப் பெண்ணுக்கு அரிவாள் செல்லாம், சம்பந்தம் வேண்டாம்’ என்கிற பேச்சு நம் ஊர்களில் நிற்கவில்லை. சொல்பவர்களுக்குக் கேரியர், அதாவது மரபணுவைச் சுமந்தாலும் நோயில்லாதவர் யார், நோயாளி யார் என்பதே தெரிவதில்லை. அதனால்தான் இதையே பேச எடுத்துக்கொண்டேன்.

தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என நமக்கு இரண்டு மரபுத் தொகுப்புகள் வருகின்றன. ஒவ்வொன்றிலும் சுமார் 300 கோடி டி.என்.ஏ. எழுத்துகள். பதினோராவது குரோமோசோமில், சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினின் ஒரு பகுதியை உருவாக்கும் மரபணு இருக்கிறது. அதில் ஓரிடத்தில் ஜி.ஏ.ஜி. என்று இருக்க வேண்டும். அரிவாள் செல் உள்ளவர்களிடம் அது ஜி.டி.ஜி. என்று இருக்கிறது. நடுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த ஓர் எழுத்தால் என்ன ஆகிறது? புரதத்தின் மணிகளான அமினோ அமிலங்கள் 146 கோத்த சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளூட்டமிக் அமிலத்துக்குப் பதிலாக வாலின் வந்து உட்காருகிறது. இதை 1957-இல் கேம்பிரிட்ஜில் வெர்னன் இன்கிராம் நிரூபித்தார். குளூட்டமிக் அமிலம் தண்ணீரோடு ஒத்துப்போகும். வாலின் தண்ணீரை விட்டு ஒதுங்கும். ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறக்கிவிட்டதும், அந்த வாலின் பக்கத்து மூலக்கூறில் உள்ள ஒரு பள்ளத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. அது அடுத்ததோடு, அப்புறம் அதற்கும் அடுத்ததோடு. இப்படி நீண்ட இழைகளாகி, வட்டமாக வளைந்து கொடுக்கும் சிவப்பணுவை உள்ளிருந்தே அரிவாளாக நீட்டிவிடுகின்றன. நுரையீரலுக்குப் போய் ஆக்சிஜன் ஏறியதும் அணு மறுபடி வட்டமாகிவிடும். ஆனால் திரும்பத் திரும்ப இப்படி வளைந்து நிமிர்ந்தால் ஒரு கட்டத்தில் வளைந்தபடியே நின்றுவிடும். சாதாரண சிவப்பணு 120 நாள் வாழும். இது 10 முதல் 20 நாளில் உடைந்துபோகும், அதனால்தான் சோகை. வளைந்த அணுக்கள் நுண்குழாய்களை அடைக்கும்போது வருவதுதான் எலும்பைப் பிழியும் அந்த வலி. கைக்குழந்தையின் விரல்களும் பாதமும் வீங்கி, தொட்டாலே வீறிட்டு அழுதால், செவிலியர்களே, சுளுக்கு என்று எண்ணெய் தடவச் சொல்லிவிடாதீர்கள். அது இந்த நோயின் முதல் அடையாளமாக இருக்கலாம்.

சாதாரண மரபணுவை ஏ என்றும், எழுத்து மாறியதை எஸ் என்றும் குறிப்போம். மாறிய எழுத்து இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தவர்தான் நோயாளி. அவர் எஸ்.எஸ். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தவர் ஏ.எஸ்., அதாவது கேரியர். அவர் உடலில் நல்ல ஹீமோகுளோபினும் கூடவே இருப்பதால் இழைகள் எளிதில் உருவாவதில்லை. அளவு கடந்த உடலுழைப்பு, கடும் நீர்வறட்சி போன்ற அரிதான நிலைகளைத் தவிர, மற்றவர்களைப் போலவே வாழலாம், வேலை செய்யலாம், பிள்ளை பெறலாம்.

இவ்வளவு துன்பம் தரும் மரபணு ஏன் காலப்போக்கில் அழிந்துபோகவில்லை? இதற்கான விடையை 1954-இல் ஆப்பிரிக்க ஆய்வுகளின் அடிப்படையில் ஆண்டனி ஆலிசன் வெளியிட்டார். மலேரியா அதிகமான பகுதிகளில்தான் இந்த மரபணுவும் அதிகம். ஏ.எஸ். குழந்தைகளை மலேரியா கடுமையாகத் தாக்குவதில்லை. ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணு சீக்கிரம் வளைந்துவிடுகிறது, மண்ணீரல் அதை அப்புறப்படுத்திவிடுகிறது என்பது அதற்கு ஒரு காரணம். கொசு மண்டிய காடுகளில் குழந்தைகளைக் காப்பாற்றிய மரபணு இது. அதைச் சுமப்பவர்களின் இரத்தத்தைக் குறையுள்ளது என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஒரு மரபணு நல்லதா கெட்டதா என்பதை அந்த மரபணு மட்டும் தீர்மானிப்பதில்லை. எத்தனை பிரதி வந்தது, எந்த மண்ணில் வாழ்கிறோம், கூட என்னென்ன மரபணுக்கள் இருக்கின்றன, எல்லாமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

அந்தக் கடைசி விஷயத்துக்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. கருவிலிருக்கும் குழந்தைக்கு வேறு வகை ஹீமோகுளோபின் உண்டு. அது அரிவாள் இழைகளைத் தடுக்கும். அதனால்தான் எஸ்.எஸ். குழந்தைக்கும் முதல் சில மாதங்கள் தொந்தரவு தெரிவதில்லை. பிறந்தபின் அந்த மரபணு மெல்ல அடங்கிவிடும். ஆனால் இந்தியாவிலும் அரேபியாவின் கிழக்குப் பகுதியிலும் பரவலாகக் காணப்படும் அரிவாள் செல் வகையில், பெரியவர்களான பிறகும் இந்தக் கரு ஹீமோகுளோபின் கூடுதலாகவே தங்குகிறது. அதனால் பலருக்கு நோயின் வேகம் குறைவு. எல்லோருக்கும் அல்ல; ஒரே வீட்டில் அண்ணன் மாதாமாதம் மருத்துவமனையில் கிடக்க, தங்கை பள்ளிக்குப் போய்வருவதும் உண்டு. ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை செய்யும் வேலையும் பெரிதும் இந்தக் கரு ஹீமோகுளோபினைக் கூட்டுவதுதான். 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதித்த மரபணுத் திருத்தச் சிகிச்சையும் இதே வழியில்தான் போகிறது. ஆனால் நம் ஏழை மக்களுக்கு எட்டுகிற விலையில் அது இல்லை. மாத்திரை எட்டும். அது விடாமல் கிடைக்க வேண்டும் என்று நாம்தான் குரல் கொடுக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நோயுள்ள குழந்தை பிறந்தால் பழி தாய்மேல் விழுகிறது. இது பெரிய அநியாயம். எஸ்.எஸ். என்றால் ஒரு எஸ் தந்தையிடமிருந்து வந்தது. அதில் சந்தேகமே இல்லை. இருவரும் ஏ.எஸ். என்றால் ஒவ்வொரு கருவுக்கும் நோய் வருவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. ‘முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பேருக்கு வராது’ என்று கணக்குப் போடாதீர்கள். ஒவ்வொரு முறையும் அதே நான்கில் ஒன்றுதான். ஒருவர் ஏ.எஸ்., மற்றவர் முற்றிலும் சாதாரண ஏ.ஏ. என்றால் பிள்ளைகளுக்கு அரிவாள் செல் நோய் வராது. ஆகவே கேரியரைத் திருமணத்திலிருந்து ஒதுக்குவதில் அர்த்தமே இல்லை. இருவரும் பரிசோதித்துக்கொண்டு, விவரம் தெரிந்து முடிவெடுப்பதே சரி.

2047-க்குள் இந்நோயை ஒழிப்பது என்ற இலக்கோடு 2023 ஜூலையில் தேசிய இயக்கம் தொடங்கியது. 40 வயதுக்குட்பட்ட 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது திட்டம். முகாமில் விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து, ஒரு கரைசலில் விடுவார்கள். குழாய்க்குப் பின்னால் கோடு போட்ட அட்டை இருக்கும். கோடுகள் தெளிவாகத் தெரிந்தால் பொதுவாக அரிவாள் செல் இல்லை. கரைசல் கலங்கிக் கோடுகள் மறைந்தால் இருக்கிறது. ஆனால் ஏ.எஸ்.ஸிலும் கலங்கும், எஸ்.எஸ்.ஸிலும் கலங்கும், இந்தக் குழாய் அதற்கு மேல் எதுவும் சொல்லாது. பச்சிளம் குழந்தைக்கு இந்தச் சோதனையை நம்பவும் முடியாது. ஹீமோகுளோபினை வகை பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. என்ற ஆய்வகப் பரிசோதனைதான் அதைச் சொல்லும். எனவே கலங்கியது என்று மட்டும் சொல்லி அனுப்பினால் எழுந்து வந்துவிடாதீர்கள். ‘எச்.பி.எல்.சி. பரிசோதனைக்கு எப்போது அனுப்புவீர்கள், முடிவை யார் சொல்வார்கள்?’ என்று கேட்டு, தேதியைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.