எழுதிக்கொண்டு போனதைத் திருப்பிக் கொண்டு வாருங்கள்

(பாம்பன் பக்கம் ஒரு சமுதாயக் கூடத்தில், கல்லூரிப் பிள்ளைகளும் கடற்பாசி எடுக்கும் பெண்களும் கலந்து உட்கார்ந்திருந்த கூட்டத்தில் பேசியது. சொன்னதையே திரும்பச் சொன்ன இடங்களை மட்டும் வெட்டியிருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். மேடையில் இருப்பவர்கள் பெயரைத் தலைவர் ஒருமுறை முழுசாக வாசித்துவிட்டார், நானும் வாசிக்க ஆரம்பித்தால் முன்வரிசையில் இருக்கும் சித்தி எழுந்து போய்விடுவார், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

"பல்கலைக்கழகமும் சுற்றுவட்டாரமும்" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நமக்குப் பல்கலைக்கழகம் என்றால் காரைக்குடி. அழகப்பா பல்கலைக்கழகம் வந்தது 1985-இல். பழைய ராமநாதபுரம் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்ததும் அதே 1985-தான். ஆக, இப்போது இருக்கிற நம் மாவட்டத்துக்கும் அதற்கும் ஒரே வயசு. நம் மண்டபம் ஊரிலிருந்து காரைக்குடி நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும், போய்த் திரும்பினால் ஒரு நாள் முழுசாகப் போய்விடும். அப்படியிருந்தும் நம் ஊர்களில் எத்தனை பேர் தபாலில் பாடப் புத்தகம் வாங்கி, வலை பின்னிக்கொண்டே படித்து அங்கே பட்டம் வாங்கியிருக்கிறார்கள்! இங்கேயே நாலு பேர் கையைத் தூக்குகிறார்கள், பாருங்கள்.

காரைக்குடிக்கும் படிப்புக்கும் உள்ள உறவு வேறு மாதிரி. அழகப்பச் செட்டியார் 1947-இல் கல்லூரி தொடங்கினார். அப்புறம் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மின்வேதியியல் ஆய்வகத்தை ஊருக்குக் கொண்டுவந்தார். 1948-இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். அந்தக் காலத்து 15 லட்சம், யோசித்துப் பாருங்கள். கொடுத்தவர் யார் என்று அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

சரி, இந்தக் கரை என்ன கொடுத்தது? நம்மிடம் ஏக்கர் கணக்கில் நிலமில்லை. கடலைக் கொடுத்தோம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் தேசியப் பூங்கா ஆயின. 1989-இல் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1971-இல் கொச்சிக்கு மாறும் வரை அதன் தலைமையகமே இங்கேதான் இருந்தது, இன்றைக்குப் பலருக்கு அது தெரியாது. கடற்பாசிக்கென்று தனி ஆய்வு நிலையம் இருக்கிறது. தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது. இது போக, வெளியூர்ப் பல்கலைக்கழகப் பிள்ளைகள் நோட்டும் பேனாவுமாக வந்துகொண்டே இருக்கிறார்கள். நாம் கொடுத்த இரண்டாவது பொருள் அவர்களுக்குச் சொன்ன பதில்தான்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள். நான் பத்தாவது படிக்கும்போது ஒரு அக்கா கத்தைத் தாளோடு வந்தார். அம்மா அப்போதுதான் கடலிலிருந்து ஏறி வந்து, திண்ணையில் உட்கார்ந்து விரலில் சுற்றிய துணியை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தார். பாறையும் சிப்பியும் கிழிக்காமல் இருக்கப் பழைய சேலையைக் கிழித்துச் சுற்றிக்கொள்வார்களே, அந்தத் துணி. உள்ளே விரல் நுனியெல்லாம் வெளிறிச் சுருங்கியிருக்கும், உப்புப் பட்ட வெட்டுக்காயம் சின்னச் சின்னக் கோடாகத் தெரியும். அந்த அக்கா கேட்டார்: "பாசி வகைகள் பற்றித் தெரியுமா? ஆம், இல்லை." அம்மா ஆரம்பித்தார். மரிக்கொழுந்துப் பாசி எந்தப் பாறையில் பிடிக்கும், கஞ்சிப்பாசியை எப்படி அலசிக் காய்ச்சினால் கஞ்சி கவிச்சி இல்லாமல் வரும், கட்டக்கோரை எந்த மாதம் முற்றும், அமாவாசை பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் வற்றும்போது எந்தத் தீவுப் பக்கம் இறங்கலாம், எப்போது வேரோடு பிடுங்காமல் விட வேண்டும்... கால் மணி நேரம் சொல்லியிருப்பார். அந்த அக்கா "ஆம்" என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. தாளில் டிக் போட மட்டும்தான் இடம் இருந்தது. டீ குடித்துவிட்டு, "முடிச்சதும் ஒரு காப்பி அனுப்புறேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருந்தார், "அந்தப் புள்ளை பட்டம் வாங்கிருச்சா?" என்று. காப்பியைப் பற்றி அவர் கேட்டதே இல்லை.

இதில் இன்னொரு கூத்து இருக்கிறது. நான் எம்.எஸ்ஸி. படிக்கும்போது ஜெலிடியெல்லா, ஜெலிடியெல்லா என்று ஒரு செமஸ்டர் முழுக்க மனப்பாடம் பண்ணினேன். அகர் என்கிற கூழ்ப்பொருள் எடுக்கும் சிவப்புப்பாசி, செல் அமைப்பு, படம் வரைந்து பாகம் குறி. பரீட்சைக்கு நாலு நாள் இருக்கும்போது ஆய்வகத்தில் ஒட்டி வைத்திருந்த காய்ந்த பாசியை மோந்து பார்த்தேன். எங்கள் வீட்டு வாசல் வாடை. மரிக்கொழுந்துதான் அது! அம்மா விரலைக் கிழித்துக்கொண்டு எடுத்துவந்து, அந்தக் காசில் எனக்கு ஃபீஸ் கட்டிய அதே பாசி. என் வாத்தியாருக்கும் அந்தப் பேர் தெரியாது, அம்மாவுக்கும் இந்தப் பேர் தெரியாது, நடுவில் நான் முழித்துக்கொண்டு நின்றேன்.

ஆய்வின் முடிவு ஊருக்குத் திரும்பி வராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு கப்பாபைகஸ் பாசியே போதும். மூங்கில் மிதவையில் வளர்க்கிறோமே, அதுதான். வெளிநாட்டுப் பாசி. கடற்பாசி ஆய்வு நிலையம் வழியாகத்தான் வந்தது, குழுப் பெண்களுக்கு லோன் போட்டு மிதவை கட்டினோம், கையில் காசும் பார்த்தோம். 2008-இல், குருசடைத் தீவுப் பக்கம் இந்தப் பாசி பவளப்பாறை மேல் ஏறிப் படர்கிறது என்று ஆய்வுக் கட்டுரை வந்தது. அதை மறுத்தும் பேசினார்கள். இரண்டு பக்கமும் படித்தவர்கள், சண்டை முழுக்க ஆங்கிலத்தில். மிதவை வைத்திருந்தவர்களுக்கு என்ன தெரிந்தது? "இங்கே கட்டாதே, அங்கே கட்டு" என்பது மட்டும்தான். ஏன் என்று உட்கார வைத்து யார் சொன்னார்கள்? வெயில் ஏறிப் பாசி வெளுத்து மிதவை மிதவையாகச் செத்துப்போன வருஷத்திலும் இதே கதைதான். தண்ணீர்ச் சூடு எவ்வளவு தாண்டினால் பாசி தாங்காது என்று அளந்து வைத்திருக்கிறார்கள். அது மிதவைக்காரருக்குத் தெரிந்தால், நாலு நாள் முன்னாடியே அறுத்துக் காயப்போட்டிருப்பார்.

நம் பக்கமும் குறை இருக்கிறது, சொல்லத்தான் வேண்டும். வருமானம் எவ்வளவு என்று யாராவது கேட்டால் நிவாரணக் கணக்கோ என்று நினைத்துப் பாதியைக் குறைத்துச் சொல்கிறோம். சிரிக்காதீர்கள், எங்கள் அம்மாவும் அப்படித்தான் சொன்னார். அப்புறம் அந்தப் பொய்க் கணக்கை வைத்தே திட்டம் போடுகிறார்கள்.

என்.எஸ்.எஸ். முகாம் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஏழு நாள் வருகிறார்கள், கரையைப் பெருக்குகிறார்கள், சீமைக்கருவேலை வெட்டுகிறார்கள், கடைசி நாள் போட்டோ எடுக்கிறார்கள். நல்ல பிள்ளைகள்தான், பசிக்கச் சாப்பிடுகிறார்கள், அவ்வளவுதான் அதில். கலாமைப் பற்றியும் பேசச் சொன்னார்கள். அவர் பட்டப்படிப்புக்குத் திருச்சி வரை போக வேண்டியிருந்தது என்பதை மட்டும் சொல்லி நகர்கிறேன்.

நான் கேட்பது பெரிய காசு பிடிக்கிற காரியம் இல்லை. முனைவர் பட்டத்துக்குக் கடைசியில் ஒரு தேர்வு வைக்கிறார்களே, அதற்குப் பெயரே பொது வாய்மொழித் தேர்வு. பொது என்றால் யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம், கேள்வி கேட்கலாம். துறை அரங்கில் நடக்கும், நாலு பேராசிரியர், பத்து மாணவர், அப்புறம் ஸ்வீட், காரம், காபி. நம் கரையை வைத்துச் செய்த ஆய்வென்றால் அந்தத் தேர்வை ஒருமுறை நம் ஏலக்கூடத்தில் வைத்துப் பாருங்கள் என்கிறேன். தமிழில் சொல்லட்டும். நண்டு வலை விடும் அண்ணன் எழுந்து, "நீங்க சொல்ற மாசத்துல அங்க நண்டே கெடையாதே தம்பி" என்று சொன்னால் அதற்கும் பதில் சொல்லட்டும். அது முடியாதென்றால் நாலு பக்கம் தமிழில் எழுதி, எடை மெஷின் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள், காத்திருக்கும் நேரத்தில் படித்துக்கொள்கிறோம்.

காலத்தையும் கொஞ்சம் பார்த்து வரலாம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு ஆட்கள் கரையில்தான் இருப்பார்கள், ஆற அமரப் பேசுவார்கள். வருகிறவர்களோ மார்ச் மாதம், புராஜெக்ட் கொடுக்க வேண்டிய அவசரத்தில், படகு அணைந்து மீன் இறக்கும் நேரத்தில் வந்து நின்று "அண்ணே, ஒரு இருபது கேள்விதான்" என்கிறார்கள்.

இங்கே உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கச்சிகள் அடுத்த வருஷம் புராஜெக்ட் எடுப்பீர்கள். கேள்வித்தாள் தயாரிக்கும்போது "ஆம், இல்லை"க்குக் கீழே நாலு வரி காலியாக விடுங்கள்.

சித்தி ரொம்ப நேரமாக ஏதோ சொல்ல வாயெடுக்கிறார். போன மாதம் அவரிடமும் யாரோ வந்து எழுதிக்கொண்டு போனார்களாம். தம்பி, அந்த மைக் ஒயரைக் கொஞ்சம் இழுத்து முன்வரிசைக்குக் கொடு. சித்தி, உட்கார்ந்தே பேசுங்கள்.