அதிகாலைச் செருமல்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் வீட்டில் விடிகாலை எழுவதற்குக் கடிகாரம் தேவைப்பட்டதே இல்லை. நாலரை மணிக்கு அப்பா எழுந்து வாசலுக்குப் போவார். முதலில் மெல்லிய ஒரு செருமல். அப்புறம் தொண்டையே கிழிந்துவிடும் போல ஒரு காறல். குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டியவர் அவர். தறிச் சத்தத்துக்குப் பழகிய எங்கள் தெரு, அந்தச் சத்தத்துக்கும் பழகிப்போயிருந்தது. கால் மணி நேரம் காறினாலும் வெளியே வருவது துளி கோழைதான். "தொண்டைக்குள்ள என்னமோ ஒட்டிக்கிட்டே இருக்குது கண்ணு, வரமாட்டீங்குது" என்பார்.

இன்று நான் காது, மூக்கு, தொண்டை மருத்துவர். என் அறைக்கு வெளியே காத்திருப்பவர்களிடம் அதே செருமலைத் தினமும் கேட்கிறேன். உள்ளே வந்து உட்கார்ந்ததும் பெரும்பாலும் அப்பா சொன்ன அதே வார்த்தைகள்தான்: மூக்கிலிருந்து தொண்டைக்குச் சளி இறங்கிக்கொண்டே இருக்கிறது, விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் வரவில்லை. மாதக்கணக்காக, சிலருக்கு வருடக்கணக்காக. உயிருக்கு ஆபத்தில்லாத தொல்லை என்பதால் வீட்டிலும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் தூக்கமும், பேச்சும், நாலு பேர் நடுவில் உட்காரும் நிம்மதியும் போய்விடும். அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மூக்கிலிருந்து தொண்டைக்குச் சளி இறங்குவது நோயே இல்லை. நம் எல்லோருக்கும் இந்த நிமிடம்கூட இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. மூக்கும் அதைச் சுற்றியுள்ள அறைகளும் தொண்டையும் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் சளியைச் சுரக்கின்றன. மூக்கின் உட்புறத் தோலில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் உண்டு. வினாடிக்குப் பத்துப் பதினைந்து முறை அசைந்து அசைந்து, தூசியும் கிருமியும் ஒட்டிய அந்த மெல்லிய படலத்தைத் தொண்டைப் பக்கமாகத் தள்ளிவிடும். எச்சிலோடு சேர்ந்து அது வயிற்றுக்குப் போகும். அங்கே இருக்கும் அமிலம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். சளியை விழுங்கினால் நெஞ்சில் போய்க் கட்டிக்கொள்ளும் என்று பலர் பயப்படுகிறார்கள். வயிற்றுக்குப் போன சளி நுரையீரலுக்கு வராது. தாராளமாக விழுங்கலாம்.

சளியை அசிங்கமாக நினைக்கிறவர்களிடம் நான் ஒரு கதை சொல்வதுண்டு. 1921-ல் லண்டனில் அலெக்சாண்டர் பிளெமிங் என்ற விஞ்ஞானிக்குச் சளி பிடித்திருந்தது. தன் மூக்குச் சளியையே எடுத்துக் கிருமிகள் வளரும் தட்டில் வைத்துப் பார்த்தார். சளியைச் சுற்றியிருந்த கிருமிகள் கரைந்துபோயிருந்தன. லைசோசைம் என்ற பொருளை அவர் கண்டறிந்தது அப்படித்தான். பெனிசிலினைக் கண்டது அதற்கு ஏழு ஆண்டுகள் கழித்து, 1928-ல். நம் மூக்கில் ஓடிக்கொண்டிருப்பது அவ்வளவு மதிப்புள்ள காவல்.

அப்படியானால் தொல்லை எங்கே தொடங்குகிறது? சளி கெட்டியாகும்போது, அல்லது அளவு மீறிச் சுரக்கும்போது, அல்லது தொண்டைத் தோல் புண்பட்டு, சாதாரணச் சளிகூட உறுத்தும்போது. இந்த மூன்றாவதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. ஒவ்வொரு முறை பலமாகச் செருமும்போதும் குரல் நாண்கள் ஒன்றோடொன்று மோதி உரசுகின்றன. அந்த இடம் சிவந்து வீங்குகிறது. வீங்கிய இடத்தைக் காக்க உடம்பு இன்னும் கொஞ்சம் கோழையைச் சுரக்கிறது. வீக்கமே 'ஏதோ ஒட்டியிருக்கிறது' என்ற உணர்வையும் தருகிறது. உடனே மறுபடி செருமத் தோன்றுகிறது. அப்பா கால் மணி நேரம் காறியும் ஒன்றும் வராததற்குக் காரணம் இதுதான். அங்கே எடுப்பதற்குப் பெரிதாக எதுவும் இருக்கவில்லை.

அதனால் என்னிடம் வருகிறவர்களுக்கு நான் முதலில் எழுதிக்கொடுப்பது மருந்து அல்ல, ஒரு தண்ணீர் பாட்டில். செருமல் வரும்போது ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். தண்ணீர் கையில் இல்லையென்றால் முகவாயைக் கொஞ்சம் கீழே தாழ்த்தி எச்சிலை அழுத்தி விழுங்குங்கள். அதுவும் போதவில்லையென்றால் வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று மெல்ல முனகுங்கள். முதல் வாரம் கடினமாக இருக்கும். மூன்று வாரம் விடாமல் செய்தவர்கள் பலரும் பாதித் தொல்லை போய்விட்டது என்று வந்து சொல்கிறார்கள்.

சரி, மீதிப் பாதி? அதற்குக் காரணத்தைத் தேட வேண்டும். அப்பாவுக்கு ஒன்றல்ல, மூன்று காரணம் இருந்தது. தறிக்கூடத்துப் பஞ்சுத் தூசி ஒன்று. இரவு வேலை முடித்துப் பதினொரு மணிக்குப் பரோட்டா சாப்பிட்டுவிட்டு உடனே படுப்பது இன்னொன்று. வயிற்று அமிலம் தொண்டை வரை ஏறும். நெஞ்செரிச்சல் இல்லாமலேகூட ஏறும். ஏறி, தொண்டையில் கோழை கட்டியது போன்ற உணர்வைத் தரும். இத்தகையவர்களுக்கு மூக்குக்கு எவ்வளவு மருந்து கொடுத்தாலும் பயன் குறைவு. சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம் விட வேண்டும், கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்த வேண்டும்.

மூன்றாவது காரணத்தைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வருத்தம். மூக்கடைப்புக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் சொட்டு மருந்து. ஆக்ஸிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் என்ற வகை. விட்டவுடன் மூக்கு பளிச்சென்று திறந்துகொள்ளும். ஐந்து நாளைக்கு மேல் விட்டால் கதை மாறிவிடும். மருந்தின் வேகம் இறங்கியதும் மூக்குச் சதை முன்பைவிட அதிகமாக வீங்கும். வீங்கியதும் மறுபடி சொட்டு. அப்பா இப்படி நான்கு வருடம் விட்டிருக்கிறார். தலையணைக்கு அடியில் எப்போதும் ஒரு குப்பி இருக்கும். மருத்துவம் படித்துக்கொண்டிருந்த நான் அதைப் பார்த்தும் கேட்கவில்லை. கோழை மஞ்சளாக இருக்கிறது என்று ஆன்டிபயாட்டிக் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன், ஒரு முறை அல்ல, பல முறை. மஞ்சள், பச்சை நிறம் வருவது நம் வெள்ளை அணுக்களில் உள்ள ஒரு நொதியால். நிறத்தை மட்டும் வைத்துப் பாக்டீரியா என்று முடிவு கட்டக் கூடாது. இதைப் பாடத்தில் படித்திருந்தும் வீட்டில் மறந்துவிட்டேன். பிறகு ஒரு மூத்த மருத்துவர்தான் அந்தச் சொட்டை, முதலில் ஒரு மூக்கில், பிறகு மறு மூக்கில் என்று படிப்படியாக நிறுத்த வைத்தார்.

அவர் சொல்லிக்கொடுத்த இன்னொன்று, உப்புநீரால் மூக்கைக் கழுவுவது. நம் யோகப் பயிற்சியில் ஜல நேதி என்று சொல்வார்களே, அதேதான். பஞ்சுத் தூசியோடு வேலை செய்பவர்கள், மாவு மில்லில் நிற்பவர்கள், இருசக்கர வண்டியில் நாள் முழுக்கச் சுற்றுபவர்கள் எல்லோருக்கும் இதைவிட மலிவான, நல்ல வழி எனக்குத் தெரியாது. ஆனால் முறை தவறினால் ஆபத்து. அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

தண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டும். குமிழ்விட்டுத் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்கட்டும். பிறகு கை பொறுக்கும் இளஞ்சூட்டுக்கு ஆற வேண்டும். குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், கேன் தண்ணீர், வீட்டு ஃபில்டர் தண்ணீர் எதுவானாலும் கொதிக்க வைத்த பிறகுதான். இதில் நான் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 2011-ல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் குழாய்த் தண்ணீரை அப்படியே விட்டு மூக்கைக் கழுவிய இரண்டு பேர், மூளையைத் தின்னும் அமீபா தாக்கி இறந்தார்கள். 2024-ல் பக்கத்தில் கேரளத்திலேயே ஆற்றிலும் குளத்திலும் குளித்த பிள்ளைகள் இத்தகைய அமீபா நோய்க்குப் பலியானார்கள். அந்த அமீபா உள்ள தண்ணீரைக் குடித்தால் ஒன்றும் ஆகாது. மூக்கு வழியாகப் போனால்தான் மூளைக்கு ஏறும். மிகமிக அரிதான நோய்தான். ஒரு நிமிடக் கொதியில் தடுத்துவிட முடிகிற ஒன்றுக்கு ஏன் இடம் கொடுக்க வேண்டும்?

அரை லிட்டர் தண்ணீருக்கு முக்கால் தேக்கரண்டித் தூள் உப்பு, தலைதட்டி அளந்தது. ஒரு சிட்டிகை ஆப்பச் சோடா சேர்த்தால் எரிச்சல் குறையும். மருந்துக்கடையில் இதற்கென்றே பொடிப் பொட்டலமும் பாட்டிலும் கிடைக்கின்றன. வாஷ்பேசின் மேல் குனிந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, வாயைத் திறந்து வாயாலேயே மூச்சு விடுங்கள். மேல் மூக்கில் மெதுவாக ஊற்றினால் கீழ் மூக்கு வழியாக வரும். பிறகு மறுபக்கம். முடிந்ததும் இரண்டு மூக்கையும் பிடித்துக்கொண்டு பலமாகச் சிந்தாதீர்கள், காதுக்கு ஏறும். ஒவ்வொன்றாக, மெல்ல. பாட்டிலைக் கழுவிக் காயவைக்க வேண்டும். காதில் சீழ் உள்ளவர்களும், மூக்கு முழுக்க அடைத்திருப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

தும்மலும் மூக்கரிப்பும் சேர்ந்து இருந்தால் அது பெரும்பாலும் ஒவ்வாமை. நம் ஊர்களில் அதற்குப் பெரிய காரணம் தலையணையிலும் மெத்தையிலும் வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சி. அது தண்ணீர் குடிப்பதில்லை. காற்றில் உள்ள ஈரத்தைத்தான் உறிஞ்சி வாழ்கிறது. கடற்கரை ஊர்களில் ஒவ்வாமைக்காரர்கள் அதிகம் தவிப்பது இதனால்தான். தலையணை உறையையும் விரிப்பையும் வாரம் ஒரு முறை கைவைக்க முடியாத சூட்டு நீரில் ஊறவைத்துத் துவைத்து, நல்ல வெயிலில் காயப்போடுங்கள். பஞ்சு பழசாகிப்போன தலையணையை மாற்றிவிடுங்கள். கொசுவத்திச் சுருள், ஊதுபத்தி, சாம்பிராணி மூன்றையும் படுக்கையறையில் ஏற்றாதீர்கள். சாமி அறைக்குச் சாம்பிராணி போடுகிற நேரத்தில் இவர்கள் வாசல் திண்ணையில் உட்காரலாம், சாமி கோபித்துக்கொள்ள மாட்டார்.

இந்த ஒவ்வாமைக்கு மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே நன்றாக வேலை செய்யும். ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டதும் பயந்து பாதியில் நிறுத்துகிறார்கள். மூக்குக்குள் போகும் அளவு மிகக் குறைவு, உடம்புக்குள் சேர்வதும் சொற்பம். ஆனால் இது வலி மாத்திரை மாதிரி உடனே கேட்காது. முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும். அடிக்கும் முறையும் முக்கியம். இடது மூக்குக்கு வலது கை, வலது மூக்குக்கு இடது கை. தலையை லேசாக முன்னால் சாய்த்து, ஸ்பிரேயின் முனை மூக்கின் நடுத்தண்டைப் பார்க்காமல் அந்தப் பக்கத்துக் காதைப் பார்க்க வேண்டும். பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். உப்புநீர்க் கழுவல் முதலில், பத்து நிமிடம் கழித்து ஸ்பிரே.

ஆவி பிடிப்பதைப் பற்றிக் கேட்பீர்கள். நொச்சி இலை போட்டு ஆவி பிடித்தால் கொஞ்ச நேரம் இதமாக இருக்கும், பிடியுங்கள். ஆனால் குழந்தைகளைக் கொதிநீர்ப் பாத்திரத்துக்கு முன் உட்கார வைக்காதீர்கள். வெந்துபோன முகங்களைப் பார்த்திருக்கிறேன். மஞ்சளைச் சுட்டுப் புகையை உறிஞ்சுவது வேண்டவே வேண்டாம், புண்பட்ட மூக்குக்கு எந்தப் புகையும் கெடுதல்தான். சுக்கு மல்லிக் காபியும் தூதுவளை ரசமும் தொண்டைக்கு இதம், குடியுங்கள்.

ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு வறட்டு இருமலும் தொண்டை அரிப்பும் வரலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக்கொடுத்தவரிடம் சொன்னால் வேறு மாத்திரை தருவார்.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பக்க மூக்கில் மட்டும் சளி, அதில் நாற்றமோ ரத்தமோ இருந்தால் காத்திருக்கக் கூடாது. சின்னப் பிள்ளைக்கு அப்படியென்றால் பட்டாணியோ மணியோ மூக்கில் போட்டிருக்கலாம். பெரியவருக்கு மேல்தாடைப் பல்லின் வேரிலிருந்து சீழ் மூக்கறைக்கு வந்திருக்கலாம், கட்டியாகவும் இருக்கலாம். குனிந்தால் ஒரு மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டுச் சொட்டாக விழுவது மூளையைச் சுற்றியுள்ள நீராக இருக்கக்கூடும். குரல் கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடிப்பது, விழுங்க வலிப்பது, கழுத்தில் கட்டி, காரணமில்லாமல் எடை குறைவது, இவற்றில் எது இருந்தாலும் உடனே காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்குப் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் குழாய் விட்டுப் பார்க்கும் வசதி இருக்கிறது. போகும்போது, தொல்லை எந்த நேரத்தில் அதிகம், இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு, என்னென்ன மருந்து, என்ன சொட்டு என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். சொட்டு மருந்துக் குப்பியையும் கையோடு எடுத்துப் போங்கள். அப்பாவின் தலையணைக்கு அடியில் இருந்ததை நான் கவனிக்காமல் விட்ட மாதிரி, உங்கள் மருத்துவரும் விட்டுவிடக் கூடாது.

நன்றி, வணக்கம்.